புதுப்பிப்பு: போர்ட்டலில் ‘முழுமையடையவில்லை’ என்றே நின்ற டிரான்ஸ்ஃபர் விண்ணப்பம்

அமெரிக்கக் கல்லூரி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற விண்ணப்பித்து, எல்லாம் அனுப்பியும் விண்ணப்ப நிலையைக் காட்டும் கல்லூரி இணையதளத்தில் (போர்ட்டல்) ‘முழுமையடையவில்லை’ என்றே காட்டுவதாகக் கேட்டிருந்தேன். உதவியவர்களுக்கு மனமார்ந்த நன்றி. இடம் கிடைத்துவிட்டது.

“டிரான்ஸ்கிரிப்டில் உள்ள பெயரைப் பாருங்கள்” என்ற யோசனைதான் பலித்தது. பழைய கல்லூரியின் மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டில் இனிஷியல் மட்டும். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அப்பா பெயர் முழுதாக. இரண்டும் ஒரே கோப்பில் சேரவே இல்லை. அட்மிஷன் அலுவலகத்துக்கு விண்ணப்ப எண், பிறந்த தேதி, இரண்டு பெயர் வடிவங்களையும் எழுதி, டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேர்ந்த ரசீதையும் இணைத்த பிறகு சரியானது. திரும்பத் திரும்ப டிரான்ஸ்கிரிப்ட் அனுப்புவதால் பயனில்லை. ஒவ்வொன்றும் அதே இடத்தில்தான் சிக்கும்.

மிட்டர்ம் ரிப்போர்ட் என்ற படிவத்தையும் கவனியுங்கள். அதில் நடப்பு செமஸ்டர் பாடங்களுக்கு ஒவ்வொரு பேராசிரியரும் இதுவரையிலான கிரேடு போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் கோப்பு நிற்கலாம்.

எதிர்பாராதது: இடம் உறுதியானபோதும் பழைய பாடங்களுக்கான கிரெடிட் (பாட அளவுப் புள்ளிகள்) எத்தனை ஏற்கப்படும் என்று தெரியவில்லை. அந்த மதிப்பீடு தனி. பாடத்தலைப்பு மட்டும் போதாமல் சிலபஸ் கேட்டார்கள். பழைய கல்லூரியின் லாகின் மூடப்படும் முன்பே எல்லா சிலபஸையும் பிடிஎஃப்பாக எடுத்து வையுங்கள்.

எஃப்-1 (மாணவர்) விசாக்காரர்களுக்கு: பழைய கல்லூரி செவிஸ் (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் தரவுத்தளம்) பதிவை விடுவிக்கும் தேதி வந்த பிறகே புதிய கல்லூரி ஐ-20 (மாணவர் விசாவுக்கான தகுதிச் சான்றிதழ்) தர முடியும். வேறு கல்லூரிகளின் முடிவும் வரவேண்டியிருந்தால் அந்தத் தேதியை அவசரப்பட்டுக் குறிக்காதீர்கள்.