மேலவீட்டு வளவுக் குழு: இரண்டாம் கட்டு மாடிப் புறாக்கள்

காலை 6.20
அண்ணாமலை: அனைவருக்கும் வணக்கம். மாடியிலுள்ள ஹோமர் பந்தயப் புறாக்களில் செக்கர் பெட்டை (இறக்கையில் கட்டம் போட்டது) நேற்று மாலையிலிருந்து கழுத்தைத் திருகிக்கொண்டு நிற்கிறது. தானியத்தைக் கொத்தினால் அலகு குறி தவறி ஒரு விரற்கடை தள்ளி விழுகிறது. எச்சம் தெளிந்த தண்ணீராகப் போகிறது. அதன் நடுவே புழு போல மெல்லிய பச்சைக் கட்டி மட்டும் கிடக்கிறது. சொக்கலிங்கம் பெரியப்பச்சி பார்த்துச் சொல்ல வேண்டும்.

6.24
உமையாள்: இது பறவைக் காய்ச்சலா, தம்பி? தை மாதம் அந்த வீட்டில்தான் சாந்திக் கல்யாணம் வைத்திருக்கிறோம்.

6.25
முத்தையா: அண்ணனின் கட்டுரை வரப்போகிறது. அனைவரும் காப்பியை எடுத்துக்கொண்டு உட்காரவும்.

6.43
சொக்கலிங்கம்: அண்ணாமலை, முதலில் அந்தப் பறவையைத் தனிக் கூண்டுக்கு மாற்று, மற்றவற்றைப் பிறகு பேசலாம். நீ சொன்ன மூன்று அடையாளங்களும் சேர்ந்து வருவது பெரும்பாலும் பாராமிக்ஸோ வைரஸ் நோயில்தான். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் என்றும் இராணிக்கெட் என்றும் நாம் சொல்லும் நோயை உண்டாக்கும் வைரஸின் புறா வகை இது. பறவைக் காய்ச்சல் வைரஸ் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது; அது புறாவை எளிதில் பிடிப்பதும் இல்லை என்பதை உமையாளுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆனால் சால்மோனெல்லா கிருமியாலும் கழுத்துத் திருகும். அதில் இறக்கை மூட்டு வீங்கி, பறவை ஒரு பக்க இறக்கையைத் தொங்கப்போடும். மூட்டைத் தடவிப் பார்த்துச் சொல்.

6.51
அண்ணாமலை: தடவிப் பார்த்தேன். வீக்கம் இல்லை. சென்ற வாரம் மழையில் வழிதவறி வந்த வேறு யாருடைய வளையமோ போட்ட புறா ஒன்று நம் கூண்டில் ஓர் இரவு தங்கிப் போனது.

6.52
சொக்கலிங்கம்: அப்படியானால் அது கொண்டுவந்து கொடுத்த சீர்தான் இது.

6.55
முத்தையா: எனக்கு எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரைகள் சிலவற்றைப் போன முறை அங்கேயே விட்டு வந்தேன். அவற்றைக் கொடுத்துப் பார்க்கலாமே.

7.10
சொக்கலிங்கம்: அவை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. அதோடு, அறுபது எழுபது கிலோ எடையுள்ள உனக்கு எழுதிய மாத்திரையை அரைக் கிலோகூட இல்லாத பறவைக்குக் கண்ணளவில் கிள்ளிக் கொடுப்பது வைத்தியம் ஆகாது. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வேலை உண்டு. தொண்டைக்குள் மஞ்சள் நிறத்தில் பாலாடைக் கட்டி போல ஒட்டிக்கொள்ளும் கேன்கர் நோய்க்கு மெட்ரோனிடசோல் கேட்கும். ஆனால் அது கசப்பு மிகுந்தது, தண்ணீரில் கலந்தால் பறவைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் என்பதால் அளவு பார்த்து நேரே வாயில் போட வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்து சளி பிடித்தால் மருத்துவர் டாக்ஸிசைக்ளின் எழுதுவார். அதைக் கொடுக்கும் நாள்களில் கூண்டிலிருந்து கிளிஞ்சல் தூளை எடுத்துவிட வேண்டும், ஏனெனில் சுண்ணாம்புச் சத்து அந்த மருந்தைக் கட்டிப்போட்டு உடம்பில் ஏறவிடாது. எச்சத்தைச் சோதிக்காமல் இவற்றையெல்லாம் மாற்றி மாற்றிக் கொடுப்பவர்கள் கூண்டில்தான், பந்தய நேரத்தில் எந்த மருந்தும் கேட்காத பறவைகள் மிஞ்சுகின்றன.

7.12
முத்தையா: சரி.

7.20
விசாலாட்சி: சொக்கு, மருந்துக்கடையையே ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய்? ஐயா காலத்தில் பூண்டு, மிளகு, சீரகம், மஞ்சள், கீழாநெல்லி ஆகியவற்றை அரைத்து உருட்டிக் கொடுத்துத்தான் கோழிகளைக் காப்பாற்றினார்கள். புறா வீட்டில் கூடு கட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அப்பத்தா சொன்னதையும் யாரும் கேட்கவில்லை.

7.38
சொக்கலிங்கம்: ஆச்சி, ஒடிசாவில் காவல்துறையே 1946 முதல் புறா வளர்த்துச் செய்தி அனுப்பியது; அந்தத் துறைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. உருண்டையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பூண்டும் மஞ்சளும் நலமாக இருக்கும் பறவையை நலமாக வைத்திருக்க உதவலாம். திருகிய கழுத்தை நிமிர்த்துவது அவற்றின் வேலை அல்ல. கொசுவால் பரவும் அம்மையில் கண்ணைச் சுற்றிக் கொப்புளம் வரும்போது வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவினால் புண் சீழ் பிடிக்காமல் ஆற உதவும், அந்த மட்டில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. வாரத்தில் ஓரிரு நாள் குடிதண்ணீரில் லிட்டருக்கு ஐந்து மில்லி ஆப்பிள் வினிகர் கலப்பதும் நல்ல பழக்கமே. ஆனால் புளித்த தண்ணீரைப் பித்தளைக் கும்பாவிலோ துத்தநாகம் பூசிய வாளியிலோ வைத்தால் உலோகம் கரைந்து அதுவே நஞ்சாகிவிடும்.

7.40
அண்ணாமலை: அது தெரிந்துதான் எனாமல் பூசிய மங்குக் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன்.

7.40
விசாலாட்சி: எந்த மங்கு?

7.41
அண்ணாமலை: பரணில் இருந்தது, அத்தை. வெள்ளையில் நீலக் கரை போட்டது.

7.42
விசாலாட்சி: அது என் சீர்ச் சாமான். பங்கு பிரித்தபோது ஒரு கிண்ணம் குறைகிறது என்று நான் சொன்னதற்கு, எனக்கு எண்ணத் தெரியாது என்று மெய்யப்பன் எல்லோர் முன்னிலையிலும் சொன்னான்.

7.44
மெய்யப்பன்: ஆச்சி, அதை நேரில் பேசுவோம்.

7.45
முத்தையா: புறாவால் ஒரு கிண்ணம் கிடைத்தது.

7.50
சொக்கலிங்கம்: கிண்ணத்தின் விளிம்பில் மங்கு பெயர்ந்து இரும்பு தெரிந்தால் வினிகர் அதையும் அரிக்கும். ஆகவே அதைக் கழுவி ஆச்சியிடம் கொடுத்துவிட்டு மண்சட்டி வாங்கிக்கொள். செக்கருக்கு மட்டும் ஆழமான டம்ளரில் தண்ணீர் வை. கோழியைப் போலத் தலையை நிமிர்த்திக் குடிக்காமல் புறா அலகை அமிழ்த்தி உறிஞ்சிக் குடிப்பதால், கழுத்து ஆடினாலும் ஆழமான பாத்திரத்தில் அதற்கு எட்டும். தானியத்தையும் பரப்பி வைக்காமல் கிண்ணம் நிறையக் குவித்து வை. அப்படியும் தின்ன முடியாவிட்டால் ஊறவைத்த கொண்டைக்கடலையை அலகைத் திறந்து நாக்குக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வைத்துத் தள்ளு. இரைப்பை மெத்தென்று நிறைந்ததும் நிறுத்திவிடு. வெளிச்சமும் சத்தமும் பட்டால் திருகல் கூடும் என்பதால் கூண்டின் மேல் துணி போட்டு வை. ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். பல பறவைகள் தேறிவிடும்.

8.02
உமையாள்: ஆறு வாரமா? பந்தல்காரர் மார்கழிக் கடைசியில் வருகிறார். கூண்டை அதற்குள் எங்காவது மாற்றிவிடுங்கள். பெரியவர்கள் மூச்சு விடும் இடத்தில் எச்சத் தூசி பறப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

8.15
சொக்கலிங்கம்: உமையாள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. காய்ந்த எச்சத் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் கெடும். கிளாமிடியா போன்ற கிருமிகளும் அதன் வழியே மனிதருக்கு வரக்கூடும். அதனால் எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு சுரண்டி எடுக்க வேண்டும். ஆனால் இந்த நேரத்தில் கூண்டை வேறு வீட்டு மாடிக்கு மாற்றினால் நோயை அங்கே கொண்டுபோய்க் கொடுத்ததாக ஆகும். மற்றப் பறவைகளுக்குக் கழுத்தடித் தோலுக்குக் கீழே போடும் செயலிழந்த வைரஸ் தடுப்பூசியே ஏற்றது. அது கிடைக்காதவர்கள் கோழிக்கு உரிய லசோட்டா என்ற தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கொடுக்கிறார்கள். அதன் பாதுகாப்பு குறைவு, குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் அந்த உயிர்த் தடுப்பூசியைக் கொன்றும் விடும். எதுவானாலும் கால்நடை மருத்துவரைக் கேட்டே போட வேண்டும்.

8.18
அண்ணாமலை: ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து பறக்கவிடுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன்.

8.19
சொக்கலிங்கம்: கூடாது. ஒரே கூடையில் அடைத்துப் போனால் அவர்கள் பறவைகளுக்கும் சேர்த்துக் கொடுப்பாய். இன்றே அவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடு. மழையில் மூட்டைத் தானியம் ஈரம் கட்டியிருந்தால் அதையும் கொட்டிவிடு. பூசணம் பிடித்த சோளம் ஈரலைத் தின்றுவிடும்.

8.30
அண்ணாமலை: சரி, பெரியப்பச்சி. நாளை எச்சத்தை டப்பாவில் எடுத்துக்கொண்டு காரைக்குடி கால்நடை மருந்தகத்துக்குப் போகிறேன். செக்கரை வைக்க மேல் அறை வேண்டும். அதன் சாவி யாரிடம் இருக்கிறது?

8.33
மெய்யப்பன்: என்னிடம் இருக்கிறது. நான் சென்னையில் இருக்கிறேன்.

8.34
விசாலாட்சி: பொது அறையின் சாவி சென்னைக்கு ஏன் போனது?

8.40
சொக்கலிங்கம்: அதுவரை கிணற்றடிக் கொட்டகையில் வை, பூனை நுழையாமல் பார்த்துக்கொள். தடுப்பூசிச் செலவில் நான் பாதி கொடுக்கிறேன்.

8.44
மெய்யப்பன்: மீதிப் பாதியை நான் கொடுப்பதில் தடை இல்லை. ஆனால் கூண்டுக்குக் கீழே ஒழுகும் ஓடுகளைச் சாந்திக்கு முன் மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் இதோடு சேர்த்தே பேசிவிடலாமா?

8.59
முத்தையா: எனக்கு அலுவலகத்தில் கூட்டம் தொடங்குகிறது.