குறிப்பேட்டில் எழுதப்படாதவை: மறைந்த நம் சபைச் சகோதரர்களைப் பற்றி

செயலாளர், லிங்கராஜபுரம்

கல்லறைத் திருநாளன்று மாலைத் திருப்பலியில், பெங்களூரில் உள்ள நம் பங்கில், ஏழைகளை வீடு தேடிச் சென்று உதவும் வின்சென்ட் தே பவுல் சபையில் இருந்து மறைந்த உறுப்பினர்களின் பெயர்களை இவ்வாண்டும் நானே வாசித்தேன். இருபத்து மூன்று பெயர்கள். வாசித்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்தபோது, சென்ற ஆண்டு நம்முடன் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்னை நிறுத்தி, "ஐயா, நீங்கள் வாசித்தவர்களில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது, அவர்களெல்லாம் என்ன செய்தார்கள்?" என்று கேட்டார்.

அவருக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கு வந்து பழைய நடவடிக்கைக் குறிப்பேடுகளை எடுத்துப் புரட்டினேன். "ஒரு குடும்பம் சந்திக்கப்பட்டது. அரிசி 10 கிலோ. மருந்துக்கு 240 ரூபாய்." பக்கத்துக்குப் பக்கம் இப்படித்தான் இருக்கிறது. எந்தக் குடும்பம் என்று இல்லை, போனவர் யார் என்றும் இல்லை. அது நம் முன்னோரின் கவனக்குறைவு அல்ல. உதவி பெறுகிறவர் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும், உதவி செய்கிறவர் பெயர் தேடக் கூடாது என்பதற்காகவே அப்படி எழுதினார்கள். கூட்டத்தின் முடிவில் சுற்றி வரும் துணிப்பையில் யார் எவ்வளவு போட்டார் என்பது இன்றும் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்த அடக்கத்தின் விலையாக, ஒருவர் இறந்தவுடன் அவர் செய்ததும் அவரோடு அடக்கமாகிவிடுகிறது. உயிரோடிருக்கும்போது பேசாதிருந்தது முறைதான். அவர்கள் போன பிறகும் நாம் பேசாமலிருந்தால் அடுத்து வருகிறவர்கள் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்?

ஆகவே ஒவ்வொருவரும் தாம் கண்ணால் கண்ட ஒன்றை இங்கே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். உதவி பெற்ற குடும்பங்களை அடையாளம் காட்ட வேண்டாம். மறைந்தவரின் பெயரையும் எழுத வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். நானே தொடங்குகிறேன்.

நான் 1997-இல் சேர்ந்தேன். சபையைத் தொடங்கிய பிரெடெரிக் ஓசானாமுக்கு அவ்வாண்டு ஆகஸ்டு 22 அன்று பாரிசில், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது, அதையொட்டி நம் பங்கிலும் நன்றித் திருப்பலி நடந்தது. அதற்கு மறுவாரம் என்னை முதல் வீட்டுச் சந்திப்புக்கு அழைத்துப் போனவர் அப்போதைய நம் தலைவர். நெசவாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தறியோட்டி ஓய்வுபெற்றவர். இரண்டு காதும் மந்தம், அதனால் சத்தமாகப் பேசுவார், ஆனால் ஏழை வீட்டு வாசலை மிதித்ததும் அவர் குரல் தானாகத் தணிந்துவிடும்.

நாங்கள் போனது வரிசை வீடுகளில் கடைசி வீடு. கணவன் பக்கவாதத்தில் படுத்திருந்தார், மனைவி மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துக் குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருந்தார். அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு போன நான், உள்ளே நுழைந்ததும் அதைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதுதான் வேலை என்று நினைத்திருந்தேன். தலைவர் என் கையிலிருந்த பையை வாங்கிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, "அம்மா, தாகமாக இருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்" என்றார். அந்த அம்மா செம்பைக் கழுவித் துடைத்துத் தண்ணீர் கொண்டுவந்தபோது அவர் முகத்தில் வந்த மாற்றத்தை நான் இன்றும் மறக்கவில்லை. அதுவரை கூனிக் குறுகி நின்றவர், விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்கும் வீட்டுக்காரியாக நிமிர்ந்துவிட்டார். பிறகு முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது பையைப் பற்றித் தலைவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில், ஏன் ஐயா முதலில் தண்ணீர் கேட்டீர்கள் என்று கேட்டேன். "நாம் அவர்களிடம் ஒன்றை வாங்கிக்கொள்ளாமல் அவர்களுக்கு ஒன்றைக் கொடுக்கக் கூடாது" என்றார். 1833-இல் இருபது வயது மாணவரான ஓசானாம் தம்மிடம் மிச்சமிருந்த விறகை நண்பரோடு சுமந்துகொண்டு ஓர் ஏழையின் வீட்டுக்குப் போனதாக நம் சபையில் சொல்லப்படுவதை அவர் அடிக்கடி நினைவுபடுத்துவார். விறகை ஆள் வைத்து அனுப்பியிருக்கலாம், அவரே போனார் என்பதுதான் விஷயம் என்பார்.

அவர் செய்ததில் ஒன்றை அவரே தவறென்று சொல்லிக்கொண்டிருந்தார், அதையும் எழுதுவதே நியாயம். குடிப்பழக்கம் உள்ள ஒருவருக்கு உதவக் கூடாது என்று ஒரு கூட்டத்தில் அவர் உறுதியாக நின்று மறுத்துவிட்டார். நாங்களும் ஆமோதித்தோம். அந்த மனிதரின் பிள்ளைகள் இருவர் அவ்வாண்டு பள்ளியிலிருந்து நின்றுவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதன் பிறகு, "அப்பனைப் பார்த்தேன், பிள்ளைகளைப் பார்க்கவில்லை" என்று அவர் பலமுறை வருந்தியதை நான் கேட்டிருக்கிறேன். 2009-இல் அவர் இறந்தபோது ஓசூர் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் நம் உறுப்பினர்களை விட, எங்களுக்கு யாரென்றே தெரியாதவர்கள்தான் அதிகம் பேர் நின்றார்கள்.

உறுப்பினர், பிரேசர் டவுன்

செயலாளர் அண்ணன் தொடங்கியதால் எனக்கும் தைரியம் வந்தது. நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்களை மூடிய பிறகு, அங்கிருந்த மற்றவர்களைப் போல நானும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வந்து இரவு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். அப்போது தையல் கடை வைத்திருந்த நம் சபைப் பெரியவர்தான் எனக்குக் காஜா எடுக்கும் வேலை கொடுத்தார். வேலை கொடுத்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, அது எனக்கும் அவருக்கும் உள்ள கடன்.

கிறிஸ்துமசுக்கு முன் நம் சபை சில குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் துணி தைத்துக் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளைக் கடைக்கு வரச் சொல்லமாட்டார். இவர்களுக்கு யாரோ தைத்துக் கொடுக்கிறார்கள் என்று கடையில் இருப்பவர்கள் அறிந்துவிடுவார்களாம். நவம்பர் மாதத்தில் ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொண்டு அவரே அவர்கள் வீட்டுக்குப் போவார். அங்கேயும் நாடாவை எடுக்கமாட்டார். பையனைக் கூப்பிட்டுத் தோளில் கையைப் போட்டு, எத்தனையாவது படிக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே முதுகைத் தட்டுவார். கடைக்குத் திரும்பியதும் நான் நோட்டை விரித்துக்கொண்டு உட்கார வேண்டும். தோள் பதின்மூன்று, மார்பு இருபத்தாறு, கை பதினைந்து என்று சொல்லிக்கொண்டே போவார். நான் அவரோடு வேலை செய்த ஆண்டுகளில் அந்தச் சட்டைகளில் ஒன்றுகூடப் பிரித்துத் தைக்க வந்ததில்லை. எல்லாவற்றிலும் கை நுனியை இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைப்பார். வளர்கிற பிள்ளை, அடுத்த ஆண்டு நாம் இருப்போமோ இல்லையோ, அம்மாவே பிரித்து இறக்கிக்கொள்ளட்டும் என்பார்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர் இப்போது நம் பங்கில் இளைஞர் இயக்கத்தில் இருக்கிறார். அவருக்கு இது தெரியாது. நானும் சொல்லமாட்டேன்.

முன்னாள் பொருளாளர், காக்ஸ் டவுன்

பெரியவர்களுக்கு வணக்கம். மற்றவர்கள் மறந்துவிடக்கூடும் என்பதால் ஒருவரை நினைவுபடுத்த விரும்புகிறேன். அவர் கன்னடச் சகோதரர். கன்னடத் திருப்பலிக்குத்தான் வருவார், ஆனால் நம் சபைக் கூட்டம் தமிழில் நடந்தபோதும் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. செபமாலையைத் தமிழில் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தார்.

1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பையொட்டி நகரில் கலவரம் மூண்டபோது, நம் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தோம். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது, கைக்குழந்தை இருந்தது. இரண்டாம் நாள் காலை பால் இல்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டு நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தோம். "பயப்பட வேண்டாம், நான்தான்" என்று அவர் தமிழில் சொன்ன பிறகே திறந்தோம். மிதிவண்டியில் இரண்டு பக்கமும் பைகள், அவற்றில் பாலும் ரொட்டியும். நம் சபை சந்திக்கும் குடும்பங்கள் எவையென்று அவருக்குத் தெரியும் என்பதால் முதலில் அந்த வீடுகளுக்கும், பிறகு குழந்தைகள் உள்ள மற்ற வீடுகளுக்குமாக அவர் தெருத்தெருவாகப் போயிருக்கிறார். வழியில் அவரை நிறுத்தியவர்களிடம் என்ன சொன்னார் என்று பின்னாளில் கேட்டபோது, "என் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போகிறேன் என்றேன், அது பொய்யில்லையே" என்று சொன்னார்.

அந்த வாரத்துக் குறிப்பேட்டை நான் பொருளாளராக இருந்தபோது பார்த்திருக்கிறேன். "கூட்டம் நடைபெறவில்லை" என்று ஒரே வரி இருக்கிறது.

உறுப்பினர், அல்சூர்

என்னால் நிறைய எழுத இயலாது. ஆதரவற்றவர்களின் உடலை அடக்கம் செய்யும் பொறுப்பை ஏற்றிருந்த நம் சகோதரர் எப்போதும் பெட்டியின் முன்பக்க இடது மூலையில்தான் தோள் கொடுப்பார், அவருக்குப் பின்னால் நான். பதினான்கு ஆண்டுகளில் அப்படி எத்தனை பேரைச் சுமந்தோம் என்று நாங்கள் எண்ணியதில்லை. 2021 மே மாதம் கொரோனா அவரையே கொண்டுபோனது. பாதுகாப்பு உடை அணிந்த பணியாளர்கள்தான் அவரைக் கல்பள்ளிக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். நான் மதில் ஓரத்தில் நின்றேன், தோள் கொடுக்க விடவில்லை. விதிமுறை அது, அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் என் தோள் இன்னும் கனக்கிறது.

மறைந்த உறுப்பினர் ஒருவரின் மகன், ஒயிட்பீல்டு

நான் சபையின் உறுப்பினன் அல்லன். என் அப்பா உங்களோடு இருபத்தைந்து ஆண்டுகள் இருந்தார். சென்ற பெரிய வியாழனுக்கு முந்தைய வாரம் காலமானார். செயலாளர் ஐயா தொலைபேசியில் அழைத்து, மகனும் எழுதலாம் என்று சொன்னதால் எழுதுகிறேன்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், சிறுவயதில் எனக்கு உங்கள் சபைமேல் கோபம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மற்ற பிள்ளைகள் அப்பாவோடு கப்பன் பூங்காவுக்குப் போனபோது என் அப்பா யார் வீட்டுக்கோ போய்க்கொண்டிருந்தார். எங்கே போகிறீர்கள் என்று அம்மா கேட்டால்கூடச் சொல்லமாட்டார். பதிலில்லாத அந்தக் கேள்வியை வீட்டில் வைத்துக்கொண்டு நாங்கள் வளர்ந்தோம்.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். அதற்குள் மருந்துக் கடை ரசீதுகள் ஆண்டுவாரியாக நூல் கட்டி அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பென்சிலால் ஓர் அடையாளம் மட்டும் எழுதியிருந்தார், பெயர் எதிலும் இல்லை. "பச்சைக் கதவு", "மாடிப்படிக்குக் கீழே", "இரட்டைக் குழந்தைகள்", "முருங்கை மரம்" என்று இருந்தன. இந்த முருங்கை மரம் மட்டும் பதினோரு ஆண்டுகளாகத் தொடர்ந்து வருகிறது, மாதந்தோறும் சர்க்கரை நோய்க்கான அதே இரண்டு மாத்திரைகள். கடைசி ரசீது அவர் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்கு நான்கு நாள் முன்பு வாங்கியது. அதன் பின்புறத்தில் அடையாளத்துக்குக் கீழே, "பேச ஆளில்லை, சீக்கிரம் கிளம்பக் கூடாது" என்று எழுதியிருக்கிறது. எனக்கு நினைவூட்டிக்கொள்ள நான் கைப்பேசியில் குறித்துவைப்பதைப் போல அவர் தமக்குத் தாமே எழுதிக்கொண்டிருக்கிறார்.

அந்த வீட்டின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது உங்கள் முறை என்று இப்போது புரிகிறது, கேட்கமாட்டேன். ஆனால் இந்த ஏழு மாதங்களாக அந்த மாத்திரைகளை யார் வாங்கிக் கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

செயலாளர், லிங்கராஜபுரம்

தம்பி, நீங்கள் எழுதியதை நேற்றிரவு இரண்டு முறை படித்தேன்.

மாத்திரைகள் தவறவில்லை. உங்கள் அப்பா மருத்துவமனையில் இருந்தபோதே அந்த வீட்டை என்னிடம் ஒப்படைத்துவிட்டார். மூச்சுக்குக் குழாய் வைத்திருந்ததால் அவரால் பேச முடியவில்லை, என் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினார். மாதத்தின் முதல் வாரத்தில் நான் போகிறேன். ஆனால் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அரை மணி நேரத்தில் எழுந்துவிடுகிறேன் என்பதை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் எழுந்திருக்கும்போதெல்லாம் அந்த அம்மா, "அவர் காப்பி குடித்துவிட்டுத்தான் போவார்" என்று சொல்வார்.

முருங்கை மரம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் மழையில் சாய்ந்துவிட்டது, இப்போது அடிமரத்தில் மறுபடியும் தழைத்திருக்கிறது. உங்கள் அப்பா இறந்த செய்தியை அவரிடம் நான் சொல்லிவிட்டேன். அவருக்கு ஒரு மகன் இருக்கிறானா என்று கேட்டார், இருக்கிறான் என்றேன்.

நம் முறைப்படி எப்போதும் இருவராகத்தான் போக வேண்டும், உறுப்பினராக இல்லாதவரை அழைத்துப் போவது வழக்கமில்லை. இப்போதைய தலைவரிடம் கேட்டுவிட்டேன், அவர் மறுக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கோயில் மணிக்கூண்டுக்குக் கீழே நிற்கிறேன். கையில் எதுவும் கொண்டுவர வேண்டாம். மாலை முழுவதும் வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் வாருங்கள்.