ரொட்டேஷன் போஸ்டிங்கை ‘அட்ஜஸ்ட்’ பண்ணிட்டு யூனிட்லயே இருந்தா கேஸ் கிடைக்குமா?

முதல்வருஷ பிஜி:

எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி சேர்ந்து எட்டு மாசம் ஆச்சு. வடசென்னையில ஒரு ஆஸ்பத்திரி, பேரு வேணாமே. ஊர் கோவில்பட்டி பக்கம். இதுவரைக்கும் நான் என் கையால செஞ்சதுன்னா ரெண்டு லைபோமா (கொழுப்புக் கட்டி), ஒரு சிஸ்ட், அப்புறம் கணக்கு வைக்காத அளவுக்குச் சீழ்க்கட்டி. மத்த நேரமெல்லாம் வெட்டின இடத்தை விரிச்சுப் பிடிக்கிற ரிட்ராக்டர்தான். போன வாரம் ஒரு தைராய்டு கேஸ்ல மூணு மணி நேரம் பிடிச்சுட்டு நின்னேன். எனக்குத் தெரிஞ்சது ஏ.பி. (அசிஸ்டன்ட் புரொஃபசர்) சாரோட முழங்கை மட்டும்தான். அட்மிஷன் டே முடிஞ்ச மறுநாள் காலைல, சீஃப் ரவுண்ட்ஸ் வர்றதுக்குள்ள நாப்பது டிரெஸ்ஸிங் வேற.

அடுத்த மாசத்துலேர்ந்து யூராலஜி, பிளாஸ்டிக், அனஸ்தீசியான்னு வேற டிபார்ட்மென்ட்டுக்கு வரிசையா ரொட்டேஷன். “காலைல போய்த் தலையைக் காட்டிட்டு யூனிட்டுக்கு வந்துடு. வெளியில போயிட்டா வர்ற ஒண்ணு ரெண்டு கேஸும் அடுத்தவனுக்குப் போயிடும்”ங்கிறாரு சீனியர். ரெண்டாம் வருஷம் மூணு மாசம் மாவட்ட ஆஸ்பத்திரிப் போஸ்டிங்கும் இருக்கு. இப்படியே போனா நான் எப்போதான் சர்ஜரி கத்துக்கிறது?

பழைய வண்ணாரப்பேட்டை:

முழங்கை பார்த்தோர் சங்கத்துக்கு நல்வரவு, ப்ரோ. நான் ஒரு வருஷம் பார்த்தேன்.

மாவட்டப் போஸ்டிங்ல அட்ஜஸ்ட்மென்டுக்கே இடமில்ல. 2021 பேட்ச்லேர்ந்து கட்டாயம். மூணு, நாலு, அஞ்சாவது செமஸ்டர்ல ஏதாவது ஒண்ணுல மூணு மாசம் முடிச்சாதான் ஃபைனல் எக்ஸாம் எழுத விடுவாங்க. மத்த ரொட்டேஷனைப் பத்தி அனுபவசாலிங்க சொல்லட்டும்.

காசிமேட்டுக்காரி:

தம்பி, உங்க சீனியர் சொன்னதை நான் அப்படியே செஞ்சவ. அதனாலதான் வேணாங்கிறேன்.

யூராலஜி போஸ்டிங்ல தினமும் எட்டு மணிக்கு ஓ.பி.ல முகத்தைக் காட்டுவேன், எட்டரைக்கு எங்க யூனிட் தியேட்டர்ல இருப்பேன். அந்த மாசம் ரெண்டு ஹெர்னியா, ஒரு அப்பெண்டிக்ஸ் கிடைச்சது. கால் தரையில நிக்கல எனக்கு.

அடுத்து மாவட்டப் போஸ்டிங். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுபது வயசுத் தாத்தா ஒருத்தர் வந்தாரு. காலைலேர்ந்து ஒண்ணுக்குப் போகல. அடிவயிறு தொப்புள் வரைக்கும் பானை மாதிரி நிக்குது. வேட்டியைக் கையில சுருட்டிப் பிடிச்சுட்டு உட்காரவும் முடியாம படுக்கவும் முடியாம தவிக்கிறாரு. நான் ஜெல்லி விட்டு ஒரு நிமிஷம்கூடப் பொறுக்காம 16 சைஸ் ஃபோலியை, அதான் மூத்திர ட்யூபை, தள்ளினேன். பாதியில முட்டிச்சு. 14 போட்டேன், அதே இடம். மூணாவது தடவை ரத்தம் வந்தது. அப்புறம்தான் கையை எடுத்தேன்.

ட்யூட்டி சர்ஜனுக்கு போன் போட்டா, இருபது நிமிஷத்துல பைக்ல வந்தாரு. தாத்தாகிட்ட ஒரே ஒரு கேள்வி: “சின்ன வயசுல எங்கயாவது கால் ரெண்டும் விரிய விழுந்தீங்களா?” மாட்டு வண்டி நுகத்தடி மேல விழுந்தாராம். அப்ப பட்ட அடியில மூத்திரக் குழாய் சுருங்கியிருக்கு, எந்த ஃபோலியும் அதைத் தாண்டாது. சர்ஜன் ப்யூபிஸ் எலும்புக்கு மேல ரெண்டு விரல் வெச்சு அளந்தாரு, மரப்பு ஊசி போட்டாரு, முதல்ல சிரிஞ்ச்ல இழுத்துப் பார்த்தாரு. மூத்திரம் வந்ததும் அதே வழியில ட்ரோகாரை (கூர்முனைக் குழல்) இறக்கி ட்யூபைப் போட்டாரு. மொத்தமா பத்து நிமிஷம் ஆகியிருக்கும். தாத்தா மூச்சு விட்டுட்டு என் கையைப் பிடிச்சு, “நல்லா இருப்ப தாயி”ன்னாரு. மூணு தடவை குத்தி ரத்தம் வர வெச்சவ நான்.

கை கழுவும்போது சர்ஜன் கேட்டாரு, “யூராலஜி எங்கம்மா பார்த்த?” ஆஸ்பத்திரி பேரைச் சொன்னேன். பார்க்கவே இல்லங்கிறதைச் சொல்லல.

அந்த ரெண்டு ஹெர்னியாவும் அப்பெண்டிக்ஸும் எப்படியும் எனக்கு வந்திருக்கும் தம்பி, ஆறு மாசம் கழிச்சு. யூராலஜி வார்டுல நடு ராத்திரி ஃபோலி ஏறாத கேஸ் அப்புறம் வரவே இல்ல.

பிளாஸ்டிக்ல நல்ல வேளையா ஒழுங்கா இருந்தேன். புண்ணு மேல ஒட்டுற கிராஃப்டுக்கு ஹம்பி கத்தியில தொடைத் தோலைச் சீவுறது வீடியோ பார்த்து வர்றதில்ல. கத்தியை அழுத்தாம சாய்ச்சு, ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் ஓட்டணும். எதிர்ப்பக்கம் ஒருத்தர் பலகையை வெச்சுத் தோலை இழுத்துப் பிடிக்கணும். இன்னைக்கு நான் இருக்கிற நர்சிங் ஹோம்ல எனக்குச் சோறு போடுறது அதுதான். இந்தப் பக்கம் வார்டு நிறைய சர்க்கரைக் கால்.

அதனாலதான் அந்த நாப்பது டிரெஸ்ஸிங்கையும் மட்டமா நினைக்காதீங்கன்னு சொல்றேன். எந்தப் புண் செக்கச்செவேல்னு சமமா தட்டையா வந்துடுச்சு, கிராஃப்ட் பிடிக்கும். எது பளபளன்னு வெளிறி நிக்குது, பிடிக்காது. காஸ்ல பச்சையா ஒரு கறையும் தித்திப்பா ஒரு நாத்தமும் வந்தா சூடோமோனாஸ் கிருமி. விரலை வெச்சா நெறுநெறுங்குது, ஓடிப் போய் ஏ.பி.யைக் கூப்பிடு. இதெல்லாம் டிரெஸ்ஸிங் ரூம்ல கத்துக்கிட்டதுதான்.

இன்னொண்ணு, முடிச்சு. எங்கப்பா படகுக்காரரு. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்துல வீட்டு வாசல்ல உட்கார்ந்து வலை பொத்துவாரு. நான் பக்கத்துல ஜன்னல் கம்பியில ப்ரோலின் தையல் நூலைக் கட்டி மூணு முடிச்சு போட்டுட்டு இருந்தேன். ஓரக்கண்ணால பார்த்துட்டு, “நைலானா அது? மூணு நிக்காது, நழுவும்”னாரு. இழுத்துப் பார்த்தா நழுவிடுச்சு! சில்க்குக்கு மூணு போதும், ப்ரோலினுக்கு அஞ்சாறு வேணும்னு புத்தகத்துல படிச்சு எக்ஸாம்லயும் எழுதினவ நான். எங்கப்பா எட்டாவதோட நின்னவரு.

முதல்வருஷ பிஜி:

மேம், படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துட்டேன். ஆனா யூனிட்ல கேஸ் கிடைக்க என்னதான் வழி?

தியேட்டர் சிஸ்டர்:

நான் டாக்டர் இல்ல, ஸ்டாஃப் நர்ஸ். தியேட்டர்ல இருபத்திரண்டு வருஷம். சொல்லலாம்ல?

பகல் லிஸ்ட்ல யாருக்கு எதுங்கிறது முன்னமே முடிவாகியிருக்கும் டாக்டர், அங்க முட்டிப் பிரயோஜனமில்ல. ராத்திரி எமர்ஜென்சியில பாருங்க. பெர்ஃபரேஷன் (குடல்ல ஓட்டை) ஒண்ணு வருது, எக்ஸ்ரேல டயாஃப்ரம் கீழ காத்து. ஏ.பி. வர்றதுக்குள்ள மூக்கு வழியா ரைல்ஸ் ட்யூப், ஃபோலி, ட்ரிப் ஏத்த ரெண்டு வென்ஃப்ளான், ரத்தத்துக்குச் சொல்லி வைக்கிறது, வீட்டாளுங்ககிட்ட விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்குறது, எல்லாத்தையும் ஒரு பிஜி முடிச்சு வெச்சிருப்பாரு. ஓமென்டம் (குடலை மூடியிருக்கிற கொழுப்புச் சவ்வு) வெச்சு ஓட்டையை அடைச்சு, வயித்தை லிட்டர் கணக்குல கழுவி முடிக்கும்போது மணி நாலாகும். அப்ப ஏ.பி. நிமிர்ந்து, “நீ க்ளோஸ் பண்றியா?”ன்னு அந்தப் பிஜியைப் பார்த்துத்தான் கேப்பாரு. நான் பார்த்த வரைக்கும் முதல் வயித்தை எல்லாரும் அந்த நேரத்துலதான் மூடியிருக்காங்க.

அனஸ்தீசியாவையும் விடாதீங்க. அங்க பத்து நாள் மூச்சுப் பை அமுக்கிட்டு வந்த பிஜி, “பேஷன்ட் வயிறு டைட்டா இருக்கு”ன்னு மயக்க டாக்டர்கிட்ட கத்துறதில்ல.

பழைய வண்ணாரப்பேட்டை:

சிஸ்டர் சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா ஒண்ணு: சில யூனிட்ல சீனியர் பிஜிங்களே எல்லாத்தையும் அள்ளிக்கிறாங்க. அதுக்கு இவரைக் குத்தம் சொல்ல முடியாது. லாக்புக்ல அசிஸ்ட் பண்ணதை அசிஸ்ட்னே எழுதுங்க ப்ரோ. வருஷக் கடைசியில அதைக் காட்டி சீஃப்கிட்ட நேரா கேக்கலாம். நான் கேட்டேன். கொஞ்சம் முறைச்சாரு, அடுத்த வாரம் ஹைட்ரோசீல் கொடுத்தாரு.

முதல்வருஷ பிஜி:

ஒண்ணாந்தேதி யூராலஜிக்கே போறேன், முழு மாசமும். சீனியர்கிட்ட இன்னும் சொல்லல. மேம், பழக நைலான் நூல் எங்க வாங்குறது? ப்ரோலின் கட்டுப்படியாகாது.

காசிமேட்டுக்காரி:

காசு கொடுத்து வாங்காதீங்க. காலைல துறைமுகத்துக்கு வந்து வலை பொத்துற யார்கிட்டயாவது துண்டு நூல் கேளுங்க, கை நிறைய தருவாங்க. முடிச்சு போட்டுக் காட்டச் சொல்லி வம்பு பண்ணுவாங்க, பயப்படாதீங்க. அப்படியே வஞ்சிரம் வாங்கிட்டுப் போங்க, ஹாஸ்டல் சாப்பாடு எனக்குத் தெரியும்.