35 ஆயிரம் ரூபாய் ஐபேடா, 13 ஆயிரம் ரூபாய் டேப்பா? எது உண்மையில் மலிவு?

மணிமுத்தாறு:
பள்ளி, கல்லூரி திறக்கிற நேரம் வந்தாலே "15 ஆயிரத்துக்குள்ள ஒரு நல்ல டேப் சொல்லுங்க" என்று நாலு பேராவது கேட்டுவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கேயே எழுதிவைக்கிறேன், மறுக்கிறவர்கள் தாராளமாக மறுக்கலாம். என் பதில்: வாங்காதீர்கள். இன்னும் கொஞ்ச நாள் காசு சேர்த்து ஐபேட் வாங்குங்கள். ப்ரோ, ஏர் எதுவும் வேண்டாம், இருப்பதிலேயே விலை குறைந்த சாதாரண ஐபேட் போதும்.

2025 மார்ச்சில் வந்த, ஏ16 சிப் உள்ள ஐபேட் 128 ஜிபி, இங்கே 34,900 ரூபாய்க்கு அறிமுகமானது. விலையைப் பார்த்ததும் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் 2014 அக்டோபரில் வந்த ஐபேட் ஏர் 2க்கு 2021ல் வந்த ஐபேட்ஓஎஸ் 15 (ஐபேடின் இயங்குதளம்) வரை புதிய பதிப்பு கிடைத்தது. 2020ல் வந்த எட்டாம் தலைமுறை ஐபேடில் 2025ன் ஐபேட்ஓஎஸ் 26 ஓடுகிறது. அதே 2020ல் வந்த மலிவு ஆண்ட்ராய்டு டேப்களில் பெரும்பாலானவை ஒன்று அல்லது இரண்டு பதிப்போடு நின்றுவிட்டன. 34,900ஐ ஏழு வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 5 ஆயிரத்துக்கும் கொஞ்சம் கீழே. 12,999 ரூபாய் டேப் மூன்று வருடம் உழைத்தால் வருடத்துக்கு 4,300 சொச்சம். வருடத்துக்கு 650 ரூபாய் மிச்சம் பிடிக்கத்தானா மூன்று வருடமும் திணறுகிற பொருளோடு மல்லுக்கட்ட வேண்டும்? போதாததற்கு, விற்கும்போது ஐபேடுக்குக் கிடைக்கிற விலை மற்றதற்குக் கிடைப்பதில்லை.

கடைவீதி:
அண்ணே, கணக்கு சரிதான், ஆனால் ஏழு வருடம் அது கீழே விழாமல் இருந்தால்தானே? நான் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டேப் என்பது போன் மாதிரி பாக்கெட்டுக்குள் போகிற பொருள் இல்லை. கட்டில், சோபா, சாப்பாட்டு மேசை என்று வீடு முழுக்கச் சுற்றும், சின்னக் குழந்தை அதன் மேல் ஏறி உட்காரும். கடைக்கு வருகிற டேப்களில் பாதிக்கு மேல் கண்ணாடி உடைந்தது, மீதி சார்ஜிங் போர்ட் போனது.

சார்ஜிங் போர்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நிறைய ஆண்ட்ராய்டு டேப்களில் அது தனியாக ஒரு சின்ன போர்டில் வரும். பின்மூடியைக் கழற்றி, நாலைந்து ஸ்க்ரூ எடுத்து, பழையதைப் பிடுங்கிப் புதியதைப் போட்டால் முடிந்தது. ஐபேடில் பல மாடல்களில் அது மெயின் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். அதற்குப் போகும் முன்னாலேயே முன்பக்கக் கண்ணாடியைச் சூடு காட்டி, பசையை இளக்கி, ஒரு மூலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். கை கொஞ்சம் தவறினால் கண்ணாடியும் போச்சு. இதைத் துணிந்து செய்கிற ஆள் எல்லா ஊரிலும் கிடையாது. கம்பெனி அங்கீகரித்த சர்வீஸ் என்றால் பெரிய ஊருக்குப் பஸ் ஏற வேண்டும். வருடாவருடம் அப்டேட் வருவதை மட்டும் ஆதரவு என்று எண்ணினால் எப்படி? பழுதானால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

ஒரு விஷயம் ஐபேடுக்குச் சாதகமாகவும் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஐபேடில் மேல் கண்ணாடியும் உள்ளே இருக்கிற டிஸ்ப்ளேயும் தனித்தனி, அதனால் கண்ணாடி மட்டும் உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஏர், ப்ரோவில் இரண்டும் ஒட்டியே வரும், செலவு எகிறிவிடும்.

மணிமுத்தாறு:
தம்பி, போர்ட் மாற்றுவது சுலபம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாற்றுவதற்கு போர்டு கிடைக்க வேண்டுமே? பெயர் தெரியாத கம்பெனி டேப் வாங்கி, இரண்டு வருடம் கழித்து டிஸ்ப்ளே போனால் பாகம் எங்கே தேடுவது?

கடைவீதி:
பெயர் தெரியாத கம்பெனியை நானும் வாங்கச் சொல்ல மாட்டேன். நான் சொல்வது சாம்சங் ஏ வரிசை மாதிரி நிறைய விற்கிற மாடல்கள். எது நிறைய விற்கிறதோ அதற்குத்தான் பாகமும் வரும்.

சாக்பீஸ்:
நான் அரசுப் பள்ளி ஆசிரியை. "காசு சேர்த்து ஐபேட் வாங்குங்கள்" என்பது எழுதுவதற்குச் சுலபம். என் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளில் 13 ஆயிரமே தவணையில்தான். அந்த வருடக் கணக்கு, கையில் மொத்தமாக 35 ஆயிரம் வைத்திருக்கிறவருக்கு மட்டுமே பொருந்தும். பிள்ளைக்கு இந்த வருடம் பாடம் இருக்கிறது, காசு சேரும்வரை அது காத்திருக்காது.

அதே சமயம் விலையைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதையும் நான் நம்பவில்லை. அதற்கு மாணவர்களுக்காக அரசு கொண்டுவந்த ஆகாஷ் டேப்பின் கதை போதும். 2011 அக்டோபர் 5 அன்று டெல்லியில் அப்போதைய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் வெளியிட்டார். ஐஐடி ராஜஸ்தான் மேற்பார்வை, தயாரிப்பு டேட்டாவிண்ட் என்கிற கம்பெனி. அரசு கொடுத்த விலை 2,276 ரூபாய். உலகத்திலேயே மலிவான டேப்லெட் என்று பத்திரிகைகள் கொண்டாடின. உள்ளே இருந்தது 366 மெகாஹெர்ட்ஸ் சிப், 256 எம்பி ரேம், நகத்தால் அழுத்தினால்தான் கேட்கிற ரெசிஸ்டிவ் திரை. ஒரு பக்கத்தை நகர்த்த ஒரு பிள்ளை எத்தனை முறை அழுத்த வேண்டியிருக்கும் என்று யாரும் உட்கார்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. 2012 நவம்பரில் ஆகாஷ் 2 வந்தது, திரையும் சிப்பும் எவ்வளவோ தேறியிருந்தன. ஆனால் அதற்குள் பெயர் கெட்டுவிட்டது. பழுதானால் எங்கே கொண்டுபோவது, உள்ளே என்ன பாடம் இருக்கும், ஆசிரியருக்கு யார் பயிற்சி தருவார்கள் என்பதெல்லாம் விலைச்சீட்டுக்குப் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. மலிவு வேண்டும், கண்டிப்பாக வேண்டும். ஆனால் மலிவை மட்டுமே இலக்காக வைத்தால் இப்படித்தான் முடியும்.

கணக்குப்பிள்ளை:
விலை குறைவு என்றால் மீதியை வேறு யாரோ கட்டுகிறார்கள் என்று பொருள். யார், எதற்காக என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

2011 செப்டம்பரில் அமேசான் தன் கிண்டில் ஃபயர் டேப்பை 199 டாலருக்கு அறிவித்தது. அப்போது ஐபேட் 2 தொடக்க விலை 499. ஃபயரைப் பிரித்துப் பார்த்து ஐஎச்எஸ் ஐசப்ளை என்கிற ஆய்வு நிறுவனம் போட்ட மதிப்பீட்டில் தயாரிப்புச் செலவே ஏறத்தாழ 200 டாலர் வந்தது. கேமரா இல்லை, மைக் இல்லை, 8 ஜிபி மட்டும். அமேசானுக்கு அதில் லாபம் தேவைப்படவில்லை. நீங்கள் அதில் புத்தகமும் படமும் வாங்க வேண்டும், அவ்வளவுதான். 2015ல் 50 டாலருக்கே ஒரு ஃபயர் கொண்டுவந்தார்கள், ஐந்து வாங்கினால் ஆறாவது இலவசம் என்று கட்டாகவும் விற்றார்கள். பூட்டிய திரையில் விளம்பரம் ஓடும், அது வேண்டாம் என்றால் 15 டாலர் தனியாகக் கட்ட வேண்டும். கூகுள் ப்ளே ஸ்டோர் கிடையாது. 2012ல் கூகுளும் ஆசுஸோடு சேர்ந்து நெக்சஸ் 7 டேப்பை அதே 199 டாலருக்கு விட்டது, அதுவும் லாபத்துக்காக இல்லை, ஆண்ட்ராய்டு டேப் என்று ஒன்று சந்தையில் நிற்க வேண்டும் என்பதற்காக.

எதிர்ப்பக்கம் ஹெச்பியைப் பாருங்கள். டச்பேட் என்கிற தன் டேப்பை 2011 ஜூலையில் ஐபேட் விலைக்கே, 499 டாலருக்கு, விற்க வந்தது. ஆப்பும் இல்லை, ஆளும் வரவில்லை. ஆகஸ்ட் 18ல் கடையைக் கட்டுவதாக அறிவித்து, மிச்சத்தை 99 டாலருக்குத் தள்ளியது. உடனே வரிசையில் நின்று வாங்கினார்கள். ஆப்பிளின் விலையைக் கேட்க வேண்டும் என்றால் ஆப்பிளிடம் இருக்கிற ஆப் கடையும் வேண்டும், இல்லையென்றால் விலையில்தான் மோத வேண்டும். இன்றைக்கும் நிலைமை அதிகம் மாறவில்லை. ஷாவ்மி 2018ல் வன்பொருளில் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்றே வாக்குக் கொடுத்தது, மீதி வருமானம் விளம்பரத்திலும் சேவையிலும். ஆப்பிள் லாபத்தைப் பெட்டி விலையிலேயே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் பழைய ஐபேடுக்கும் அப்டேட் அனுப்ப அதற்குக் கட்டுப்படியாகிறது.

மணிமுத்தாறு:
நான் சொன்னதையே நீங்கள் இன்னும் நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். காசாக முழு விலையையும் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம், அல்லது விளம்பரத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டலாம்.

கணக்குப்பிள்ளை:
கொஞ்சம் பொறுங்கள் சார், உங்கள் ஏழு வருடக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அந்த ஏழு வருடம் மாடல் வெளியான நாளிலிருந்து ஓடுவது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. ஐபேட் 2 வந்தது 2011ல். ஆனால் அதை 2014 மார்ச் வரை ஆப்பிள் கடையில் வைத்து விற்றது. அதில் இருந்த அதே ஏ5 சிப்தான் முதல் ஐபேட் மினியிலும், அது 2015 ஜூன் வரை விற்பனையில் இருந்தது. 2016 செப்டம்பரில் ஐஓஎஸ் 10 (அப்போது ஐபேடிலும் ஐபோனின் ஐஓஎஸ்தான்) வந்தபோது இரண்டையும் சேர்த்துக் கைவிட்டார்கள். 2015 மே மாதம் புது மினி வாங்கினவருக்குப் பதினாறு மாதம்தான். 2010ல் வந்த முதல் ஐபேட் ஐஓஎஸ் 5.1.1ஓடு நின்றது, 2012ல் வந்த ஐஓஎஸ் 6 அதற்கு இல்லை. விலை உயர்ந்த பொருள் என்பதற்காகவே ஆதரவு நீளும் என்று சொல்ல முடியாது. தள்ளுபடியில் பழைய தலைமுறை ஐபேட் எடுக்கிறவர்கள் இதை முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

மலிவு டேப் ஐபேட் வாங்குகிறவருக்கும் உதவியிருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். 7 அங்குல டேப்கள் பிறக்கும்போதே செத்தவை என்று 2010 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ் பேசினார். ஃபயரும் நெக்சஸும் விற்ற பிறகு, 2012ல் ஐபேட் மினி 329 டாலருக்கு வந்தது. 2017ல் பெரிய ஐபேடே 329க்கு இறங்கியது. கீழேயிருந்து நெருக்குகிற ஆள் இல்லாமல் இது நடந்திருக்குமா?

கடைவீதி:
இப்போது அந்த அப்டேட் இடைவெளியும் மூடிக்கொண்டு வருகிறது. 2025ல் வந்த சாம்சங் டேப் ஏ11 இங்கே 12,999 ரூபாய்க்கு ஆரம்பித்தது, அதற்கே ஏழு ஆண்ட்ராய்டு பதிப்பு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மணிமுத்தாறு:
அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 12,999க்குக் கிடைப்பது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். அதில் ஏழு வருட அப்டேட் வந்து இறங்கினால் என்ன ஆகும்? நெக்சஸ் 7க்கு நடந்ததுதான். 2014 கடைசியில் ஆண்ட்ராய்டு 5 வந்தது, போட்டவர்கள் எல்லாரும் தலையில் கை வைத்தார்கள். ஒரு ஆப் திறக்கவே நேரம் பிடித்தது, பலர் மெனக்கெட்டுப் பழைய பதிப்புக்கே திரும்பினார்கள். அப்டேட் தருவேன் என்பது வாக்குறுதி. அதைத் தாங்குகிற சிப்பும் ஸ்டோரேஜும் போடுவது செலவு. முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதை வாங்குகிறவன் தலையில் கட்டுவதை ஆதரவு என்று நான் ஏற்கமாட்டேன்.

சாக்பீஸ்:
சார், என் பிள்ளைகள் அதில் வீடியோ எடிட் செய்யப்போவதில்லை. பாட பிடிஎஃப், யூடியூப், வாட்ஸ்அப்பில் வருகிற வீட்டுப்பாடம். வாட்ஸ்அப் ஐபேடுக்கென்று வந்ததே 2025 மே மாதம்தான், அதுவரை ப்ரவுசரில் திறந்து சமாளித்தார்கள். பாதுகாப்பு அப்டேட் மட்டும் நாலைந்து வருடம் ஒழுங்காக வந்தால் பத்தாம் வகுப்பில் வாங்கியது கல்லூரி இரண்டாம் வருடம் வரை ஓடும். அந்த 22 ஆயிரம் மிச்சத்தில் பெண்ணுக்கு ஒரு வருட டியூஷன் ஃபீஸ் கட்டுகிற வீடு எனக்குத் தெரியும். நீங்கள் சொல்கிற வருடத்துக்கு 650 ரூபாய் கணக்கில் அந்த வீடு எங்கே வருகிறது?

மணிமுத்தாறு:
டீச்சர், அந்த வீட்டுக்கு நான் புது ஐபேட் சொல்லவில்லை. பழையது ஒன்று எடுக்கலாம். நாலு வருடப் பழைய ஐபேடே புது 13 ஆயிரம் டேப்பைவிட வேகமாக ஓடும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
வேகமாக ஓடும், சரி. ஆனால் நாலு வருடம் ஏற்கெனவே கழிந்துவிட்டதே, மேலே சொன்ன மினி கதைதான் திரும்பவும். வாங்கினாலும் சாதாரண ஐபேடில் 2020க்கு முந்தைய மாடலைத் தொடாதீர்கள். 2019ல் வந்த ஏழாம் தலைமுறைக்கு ஐபேட்ஓஎஸ் 26 கிடையாது.

கடைவீதி:
பழைய ஐபேட் எடுக்கிறவர்களுக்கு நான் ஒன்று சொல்கிறேன், இந்த மாதிரி பார்ட்டிகள் கடைக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். காசு கொடுக்கும் முன்னால் விற்பவரையே செட்டிங்ஸுக்குள் போய் அவருடைய ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறச் சொல்லுங்கள், பிறகு முழுக்க அழித்து, உங்கள் கண் முன்னாலேயே புதிதாகத் தொடங்கிக் காட்டச் சொல்லுங்கள். பழைய ஆளின் கணக்கு அதிலேயே இருந்தால் பூட்டிக்கொள்ளும், பில் இல்லாமல் கம்பெனியும் திறந்து தராது, என்னாலும் முடியாது. புது ஆண்ட்ராய்டு டேப் எடுக்கிறவர்கள், பட்ஜெட் இடம் கொடுத்தால் 4 ஜிபியை விட்டு அடுத்த ரேம் வகைக்குப் போங்கள். நெட்ஃப்ளிக்ஸ் பார்க்கிற வீடு என்றால் வைட்வைன் எல்1 (படங்களைத் திருட்டிலிருந்து காக்கிற பூட்டின் உயர்ந்த நிலை) இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், எல்3 என்றால் படத்தின் தெளிவு 480பிக்கு மேல் போகாது. கடைக்காரர் தெரியாது என்றால் டெமோ பீஸிலேயே அதைக் காட்டுகிற இலவச ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

மணிமுத்தாறு:
பில் இல்லாமல் பழைய ஐபேட் வாங்காதீர்கள் என்பதை நானும் வழிமொழிகிறேன். மற்றதில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. டீச்சர், அந்த டியூஷன் வீட்டுக்குப் பழைய ஐபேட் வேண்டுமென்றால் மாடல் எண்ணை இங்கே போடச் சொல்லுங்கள், இன்னும் எத்தனை வருடம் வரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.