பச்சை ஸ்மூத்தி தினமும் ஒரே ருசியா இருக்குதுங்க, எப்படி மாத்தறது?

கோபிக்காரர்:
வணக்கமுங்க. பாலக்கீரை ஒரு கைப்பிடி, பூவன் பழம் ரெண்டு, பால் ஒரு டம்ளர். தினமும் இதைத்தான் அடிக்கறது. ருசி மாறவே மாட்டீங்குது, திப்பி பல்லுல மாட்டுது, கொஞ்ச நேரம் வெச்சா பழுப்பேறிடுது. பெரிய பிளெண்டர் இல்லீங்க, 750 வாட் மிக்ஸிதான். உழவர் சந்தையில கிடைக்கற பொருளை வெச்சே வழி சொல்லுங்க.

தோட்டத்துக்கீரை:
750 வாட் தாராளமுங்க. தப்பு போடற வரிசையில இருக்குது. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா பழம் முதல்ல மசிஞ்சு கெட்டியாயிரும், கீரை பிளேடுக்குச் சிக்காம மேலயே சுத்தும். சின்ன ஜார்ல கீரையும் 100 மில்லி தண்ணியும் மட்டும் விட்டு 40 நொடி அடிங்க. அப்புறம் பெரிய ஜார்ல பழத்தோட சேர்த்து அரை நிமிஷம். கடைசியா சின்ன ஐஸ் கட்டி மூணு, விட்டு விட்டு ரெண்டு சுத்து. ஜார் பாதிக்கு மேல நிறைஞ்சா நுரை பொங்கி வழியும்.

ருசிக்கு மூணு வேணுமுங்க: புளிப்பு, கொழுப்பு, மணம். உங்களதுல இனிப்பும் பச்சை வாடையும்தான் இருக்குது. ஒரு டம்ளருக்கு அளவு சொல்றேன். புளிப்புக்கு அரை எலுமிச்சை, இல்லைன்னா கொட்டை நீக்கின பெரிய நெல்லிக்காய் ஒண்ணு. கொழுப்புக்கு ராத்திரி ஊறவெச்ச நிலக்கடலை ஒரு டேபிள்ஸ்பூன், இல்லைன்னா வெண்ணெய்ப்பழம் கால் பங்கு (ஏற்காட்டுப் பழம் சேலம் பக்கம் சீசன்ல வரும்). மணத்துக்குப் புதினா பத்து இலை, இல்லைன்னா அரை அங்குல இஞ்சி. கற்பூரவல்லி இலை போட்டா ஒண்ணே ஒண்ணு, ரெண்டானா கஷாயம் மாதிரி ஆயிரும். எதுல அடிச்சாலும் ஒரு சிட்டிகை உப்பு போடுங்க, கசப்பு அடங்கும்.

இனிப்பே சலிச்சுப் போச்சுன்னா மோர்ல அடிங்க. கெட்டி மோர் ஒரு டம்ளர், வெள்ளரி பாதி, கொத்தமல்லி ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை ஆறு, வறுத்த சீரகம் கால் ஸ்பூன், பச்சை மிளகாய் பாதி. ஆறின கம்பஞ்சோறு ரெண்டு ஸ்பூன் சேர்த்துட்டா காலைச் சாப்பாடே முடிஞ்சுது. என்னைக் கேட்டா, நம்ம வெயிலுக்குப் பழ ஸ்மூத்தியை விட இதுதானுங்க ஒசத்தி.

நொய்யல்கரை:
முருங்கைக்கீரையை விட்டுட்டீங்களே! பச்சையாப் போட்டா கசக்கும். ஈர்க்கு இல்லாம உருவி, கொதிக்கற தண்ணியில 30 நொடி, உடனே குளிர்ந்த தண்ணியில போட்டுப் பிழிஞ்சுக்கோங்க. ஒரு டம்ளருக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் போதும். இதுக்குப் பால் ஊத்தாதீங்க, பால்ல இருக்கற கால்சியம் கீரையோட இரும்புச்சத்து உடம்புல சேர்றதைக் குறைக்கும். இளநீரும் வழுக்கையும் போட்டு நெல்லிக்காயோட அடிச்சா இரும்பு நல்லாச் சேரும், பால் இல்லாமயே கெட்டியாவும் வரும்.

பழுப்புக்கு ரெண்டு காரணமுங்க. வாழைப்பழத்துல இருக்கற நொதி காத்துபட்டுக் கருக்குது. எலுமிச்சை அதைத் தடுக்கும், ஆனா நேரம் போகப்போக அதே புளிப்பு கீரையோட பச்சையத்தை மங்க வெச்சிரும். அதனால எலுமிச்சையைக் கடைசியாப் பிழிஞ்சு உடனே குடிச்சிருங்க. மாதுளை, பீட்ரூட் சேர்த்தா மண் நிறமாத்தான் வரும், கெட்டுப்போனது இல்லை.

ஒண்ணு முக்கியமுங்க. சிறுநீரகக் கல் இருக்கறவங்க பாலக்கைத் தினமும் பச்சையா அடிச்சுக் குடிக்கக்கூடாது, கல் உண்டாக்கற ஆக்சலேட்ங்கற உப்பு அதுல அதிகம். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடறவங்களும் டாக்டரைக் கேட்காம கீரை அளவைக் கூட்ட வேண்டாம்.

கோபிக்காரர்:
ரொம்ப நன்றிங்க. பாலோட அன்னாசி போட்டா மட்டும் கசக்குதே, ஏனுங்க?

தோட்டத்துக்கீரை:
அன்னாசியில இருக்கற நொதி பால் புரதத்தை உடைக்குதுங்க, வெச்சிருக்க வெச்சிருக்க கசப்பு ஏறும். பப்பாளியும் அப்படித்தான். ரெண்டுக்கும் இளநீர்தான் தோது. பால்தான் வேணும்னா அன்னாசித் துண்டை அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு, நல்லா ஆறவெச்சுப் போடுங்க.