புதுப்பிப்பு: தேடலில் சிக்காத மலையாளச் சில்லு 'ன்'

பழைய மலையாளக் கோப்பில் 'அவன்' என்று தேடினால், கண்ணெதிரே இருக்கும் சொல்கூட அகப்படவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

கோப்பு 2008-க்கு முந்தையது. அப்போது சில்லு (உயிரொலி சேராத மெய்க்கு மலையாளத்தில் உள்ள தனி வடிவம்) 'ன்' எழுத்துக்குத் தனிக் குறியீடு கிடையாது. ந, சந்திரக்கலை (நம் புள்ளி போன்ற குறி), கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பான் என மூன்றைச் சேர்த்துத்தான் அடித்தார்கள். அந்த ஆண்டு வந்த யூனிகோடு 5.1 (கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் பொதுத் தரத்தின் ஒரு பதிப்பு), ண், ன், ர், ல், ள், க் ஆகிய ஆறு சில்லுகளுக்கும் ஒற்றைக் குறியீடு தந்தது. திரையில் இரண்டும் ஒரே உருவம். கணினிக்கு வேறு வேறு, அதனால்தான் தேடலில் சிக்கவில்லை. ஒரே எழுத்தின் வேறு வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கமும் இவற்றை ஒன்றாக்காது.

அந்த இணைப்பான் உதிர்ந்தால் 'அவன்' என்பது, மலையாளத்தில் 'அவனுக்கு' என்று பொருள்படும் சொல்லாகிவிடும்! இரண்டு இடங்களில் அப்படி ஆகியிருந்ததைக் கையால் திருத்தினேன். அப்புறம் ஆறு சில்லுகளையும் புதிய ஒற்றைக் குறியீட்டுக்கு மாற்றினேன், தேடல் சரியாக வருகிறது.