படியெடுத்தல் தொடங்கவே மறுக்கிறது – அவசர உதவி தேவை

ஆய்வுமாணவி: வணக்கம். மனிதச் செல்லிலிருந்து தூய்மைப்படுத்திய புரதங்களை மட்டும் சேர்த்து, சோதனைக்குழாயில் படியெடுத்தலை, அதாவது டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ உருவாக்குவதை, நடத்தி வருகிறேன். சென்ற மாதம் உருவான ஆர்என்ஏ ஜெல்லில் தெளிவான பட்டையாகத் தெரிந்தது. இப்போது அதே புரதங்கள், அதே உப்பளவு, பட்டையைக் காணோம். வெள்ளிக்கிழமைக்குள் வழிகாட்டியிடம் முடிவைக் காட்ட வேண்டும்.

முகில்: எந்தப் புரோமோட்டர் (படியெடுத்தல் தொடங்கும் டிஎன்ஏ பகுதி), எந்தெந்தக் காரணிகள் (தொடக்கத்துக்கு உதவும் புரதங்கள்), வார்ப்பு டிஎன்ஏ, அதாவது படியெடுக்கப்படும் டிஎன்ஏ, வட்டமா, நேர்த்துண்டா?

கதிர்: அதெல்லாம் பிறகு. ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதி எங்கோ கலந்திருக்கிறது. எல்லாக் கரைசல்களையும் புதிதாகத் தயாரியுங்கள். என் அனுபவத்தில் பத்துக்கு ஒன்பது முறை காரணம் அதுதான்.

பழையவன்: வார்ப்பின் வடிவத்தைக்கூட எழுதாமல் உதவி கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? ஆர்என்ஏவைக் கட்டும் நொதியான பாலிமரேஸ் 2 தானாகப் புரோமோட்டரை அடையாளம் காணாது என்ற அடிப்படையிலிருந்தே தொடங்க வேண்டும் போலிருக்கிறது.

ஆய்வுமாணவி: அடினோவைரஸின் முதன்மைப் பிந்தைய புரோமோட்டர். காரணிகளான டிபிபி, டிஎஃப்2பி (சுருக்கமாக 2பி), 2எஃப், 2இ ஆகியவையும் பாலிமரேஸ் 2 நொதியும் உள்ளன. வார்ப்பு முன்பு மீச்சுருள் பிளாஸ்மிட் (தன்மேல் முறுகிய வட்ட டிஎன்ஏ), இப்போது பிசிஆரில் பெருக்கிய நேர்த்துண்டு. புரோமோட்டர் மாறவில்லை.

முகில்: அங்கேதான் விடை இருக்கிறது. அந்தப் புரோமோட்டரில் டாட்டா வரிசை (டிபிபி பற்றும் டிஎன்ஏ எழுத்துத் தொடர்) இருப்பதால், டிபிபியை உள்ளடக்கிய பெரிய புரதத் தொகுப்பான டிஎஃப்2டி முழுவதும் இல்லாமலே டிபிபி அதைப் பற்றி வளைத்துவிடும். 2பி பாலிமரேஸைக் கொண்டுவந்து நிறுத்தும். ஆனால் ஆர்என்ஏ தொடங்க இரண்டு இழைகளும் பிரிய வேண்டும். எதிர்த்திசையில் மிகையாக முறுக்கப்பட்ட பிளாஸ்மிட்டில் அந்த முறுக்கின் இறுக்கமே பிரிப்புக்கு உதவியது. நேர்த்துண்டில் அந்த உதவி கிடையாது என்பதால், ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து டிஎன்ஏவைத் தள்ளும் டிஎஃப்2எச் (2எச்) என்ற காரணி கட்டாயம் வேண்டும். அதைச் சேருங்கள். கூடவே, தொடக்கப் பகுதியில் சில காரங்கள் (டிஎன்ஏ எழுத்துகள்) எதிர் இழையோடு இணை சேராதபடி அமைத்து முன்கூட்டியே திறந்த வார்ப்பொன்றையும் வையுங்கள். 2எச் இல்லாமல் அதில் மட்டும் பட்டை வந்தால் மற்றப் புரதங்கள் நலமாக உள்ளன என்று பொருள்.

கதிர்: 2எச்சில் உள்ள எக்ஸ்பிடி என்ற புரதம் ஒரு ஹெலிகேஸ் (இழை பிரிக்கும் நொதி) அல்லவா? இழைகளைப் பிரிப்பது அதுதானே?

பழையவன்: இல்லை. எக்ஸ்பிடியின் ஹெலிகேஸ் செயல் டிஎன்ஏ பழுதுபார்ப்புக்குத்தான் வேண்டும். படியெடுத்தலில் உழைப்பது 2எச்சின் மற்றொரு புரதமான எக்ஸ்பிபி. அதுவும் திறக்கும் இடத்தில் அமர்ந்து இழைகளைக் கிழிப்பதில்லை; கீழ்ப்புறம், அதாவது பாலிமரேஸ் நகரும் திசையில் சற்று முன்னால், பற்றிக்கொண்டு டிஎன்ஏவைப் பாலிமரேஸின் பிளவுக்குள் செலுத்துகிறது, அதனால் ஏறும் முறுக்கில்தான் இழைகள் விலகுகின்றன.

கதிர்: அப்படியானால் 2எச்சில் உள்ள சிடிகே7 என்ற நொதி எதற்கு? அதை முடக்கினால் தொடக்கமே நிற்காதா?

முகில்: அது பாலிமரேஸின் வாலில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. செல்லுக்குள் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் இத்தகைய எளிய சோதனைக்குழாய் அமைப்பில் அதன் செயல் இல்லாமலும் தொடக்கம் நிகழும்.

ஆய்வுமாணவி: 2எச் சேர்த்தேன், பட்டை வந்தது. நன்றி.

பழையவன்: பாலிமரேஸ் 2ஐத் தடுக்கும் நஞ்சான ஆல்ஃபா அமானிட்டின் சேர்த்த குழாயில் அந்தப் பட்டை மறைகிறதா என்று பார்த்தீர்களா? மறையாவிட்டால் அது பாலிமரேஸ் 2 உருவாக்கிய ஆர்என்ஏ ஆகாது. அதைப் பார்க்காமல் வழிகாட்டியிடம் காட்ட வேண்டாம்.